விற்பதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துதல்: எதைக் கழிப்பது, எதைக் காட்டுவது

இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறீர்கள். விற்று முடியும்வரை அதே வீட்டில்தான் வசிக்கப் போகிறீர்கள். அறைகள் எல்லாம் சாமான்களால் நிறைந்திருக்கின்றன. முதலில் எதில் கை வைப்பது, அலங்காரத்துக்கு எவ்வளவு செலவிடுவது, தரகர் சொல்வதுபோல் நாற்காலி, சோபாக்களை வாடகைக்கு எடுத்துப் போட்டாவது வீட்டைக் காட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கழிக்கும் வேலைக்கும், பணத்தில் பெரும்பகுதியைப் பழுதுபார்க்கும் வேலைக்கும் கொடுங்கள், மிஞ்சியதை அலங்காரத்துக்குக் கொடுத்தால் போதும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் புதுத் திரைச்சீலையும் பூச்சாடியும் வாங்குவதில் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் அறைக்குள் மேலும் நான்கு பொருள்கள் சேர்வதுதான் அதில் கிடைக்கும் பலன்.

ஹோம் ஸ்டேஜிங் என்று தரகர்கள் குறிப்பிடும், விற்பதற்காக வீட்டை ஒழுங்குபடுத்தி அமைத்துக் காட்டும் இந்த வேலை விலையைத் தானாக உயர்த்தித் தந்துவிடும் என்ற பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம். மார்க் லேன், மைக்கேல் சைலர், விக்கி சைலர் ஆகிய மூவர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் அறைக்கலன்களையும் மட்டும் மாற்றி மாற்றி, கணினித் திரையில் வீட்டுக்குள் சுற்றிவருவது போன்ற காட்சியாக வீடு வாங்குவோரிடம் காட்டினார்கள். நன்றாக அமைத்த வீட்டைப் பற்றி மக்கள் கொண்ட அபிப்பிராயம் உயர்ந்தது. ஆனால் அதற்குக் கொடுக்க முன்வந்த விலை குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. இது ஓர் ஆய்வுதான், அதுவும் திரையில் பார்த்த வீடு. ஆனாலும் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒழுங்குபடுத்திய வீடு செய்யும் வேலை வேறு. படத்தைப் பார்த்தவர் நேரில் வர நினைப்பதும், வந்தவர் இரண்டாம் முறை வர நினைப்பதும், வேண்டாம் என்று சொல்வதற்கான சிறுசிறு காரணங்கள் அவர் கண்ணில் படாமல் போவதும் அதனால்தான் நடக்கின்றன. வீடு விற்காமல் மாதக்கணக்கில் கிடந்தால் கடன் வட்டியும் பராமரிப்பும் வளர்ந்துகொண்டே போகும் என்பதையும், நெடுநாள் விலைபோகாத வீட்டை வாங்க வருபவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், காலத்தைக் குறைப்பதே பணத்தைச் சேர்ப்பதற்குச் சமம்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் கண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தம்மிடம் உள்ள பொருளுக்கு மனிதர்கள் அளவுக்கு மீறி மதிப்புப் போடுவார்கள் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. சாதாரணக் காபிக் கோப்பைகளைப் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு விலை பேசச் சொன்னபோது, கோப்பையை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வேண்டியவர்கள் கொடுக்க நினைத்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், இருபது ஆண்டு புழங்கிய வீட்டையும் அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் நீங்கள் நடுநிலையோடு பார்ப்பது கடினம். ஆகவே, உங்கள் வீட்டுக்கு அதிகம் வந்திராத, மனத்தில் பட்டதைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்து வாசலிலிருந்து கடைசி அறைவரை நடக்கச் சொல்லுங்கள். அவர் பேசும்போது மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் அமையாவிட்டால், ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். தினமும் கடந்துபோகும்போது கண்ணில் படாத கம்பிச் சுருளும், கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிக்குவியலும், குளிர்சாதனப் பெட்டியின்மேல் அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் படத்தில் முதலில் தெரியும்.

முடிந்தால் விளம்பரம் வெளிவருவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கழிக்கத் தொடங்குங்கள். பரண், மாடிப்படிக்குக் கீழ் உள்ள இடம், சாமான் அறை, வண்டி நிறுத்துமிடம் என்று யாருக்கும் மனப்பற்று இல்லாத மூலைகளில் தொடங்குவதே நல்லது. அங்கே முடிவெடுப்பது எளிது என்பது ஒரு காரணம். அங்கே இடம் பிறந்தால்தான் பிற அறைகளிலிருந்து கட்டி எடுக்கும் பெட்டிகளை வைக்க முடியும் என்பது அதைவிட முக்கியமான காரணம். பழைய புகைப்படங்கள், கடிதங்கள், பிள்ளைகளின் பள்ளி நோட்டுகள், மறைந்தவர்களின் உடைகள் ஆகியவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். முதல் நாளே அவற்றைப் பிரித்தவர்கள் மாலைவரை ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார்கள். வேலை அங்கேயே நின்றுவிடும்.

‘இது எப்போதாவது பயன்படுமா’ என்ற கேள்வியை இந்த வாரங்களில் கேட்கவே வேண்டாம், ஏனென்றால் உலகில் எல்லாப் பொருளும் எப்போதாவது பயன்படும். ‘இதைப் பொதிந்து, தூக்கி, வண்டிக் கூலி கொடுத்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோவேனா, அங்கே இதற்கு இடம் எது’ என்று கேளுங்கள். எப்படியும் வீடு மாறத்தான் போகிறீர்கள். இப்போது செய்வது கூடுதல் வேலை இல்லை, பின்னால் செய்ய வேண்டியதை முன்கூட்டிச் செய்வதுதான். உடன் வருபவை, யாருக்காவது கொடுப்பவை, விற்பவை, எறிபவை என்று நான்காகப் பிரித்து, எறிவதையும் கொடுப்பதையும் அந்த வாரத்துக்குள்ளேயே வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள். வாசலோரம் மூட்டையாகக் கட்டிவைத்த பொருள்கள் நாலைந்து நாளில் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பி வந்துவிடும் தன்மை உடையவை. விற்பதற்கென்று ஒதுக்கியவற்றில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: பழைய அலமாரிக்கு நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்து, அந்த அலமாரி அடைத்துக்கொண்டிருக்கும் அறையைக் குறுகலாகவே காட்டி, வீட்டின் விலையில் விட்டுக்கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்தில் விற்காததை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள்.

கழிக்கும்போது சில பொருள்களைக் கண்ட குப்பைத் தொட்டியில் போட முடியாது. வங்கி, வரி, மருத்துவம் தொடர்பான தாள்களைக் கிழித்தோ தூளாக்கியோதான் எறிய வேண்டும். பழைய கைப்பேசி, கணினி ஆகியவற்றில் உள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, நினைவகத்தை முழுதாக அழித்த பிறகே கொடுக்க வேண்டும். லித்தியம் மின்கலங்களின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். சாதாரணக் குப்பையோடு கலந்து நசுங்கினால் அவை தீப்பிடிக்கக்கூடும். காலாவதியான மருந்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உள்ள மருந்தகத்தில் ஒப்படைப்பதும், மிச்சமிருக்கும் பெயிண்ட், தின்னர், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் இருப்பதும் இதே வகையில் சேரும். இதற்கு மாறாக, தேடி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டியவையும் இதே குவியலுக்குள்தான் இருக்கும்: வீட்டுப் பத்திரம், வரி ரசீதுகள், கட்டட வரைபடம், கட்டட அனுமதி, மின்சாதனங்களின் உத்தரவாத அட்டைகள், கூரையோ குழாயோ சீர்செய்ததற்கான பில்கள். இவை ஒரே கோப்பில் இருந்தால், வாங்க வருபவர் கேள்வி கேட்கும்போது தேடித் தடுமாற நேராது. இந்த வீட்டை இவர்கள் கவனித்து வந்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தையும் அந்தக் கோப்பே உண்டாக்கும்.

எவ்வளவு கழித்தால் போதும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். சுவரோடு கட்டிய அலமாரிகளை வீடு பார்க்க வருகிறவர் கட்டாயம் திறப்பார். திறக்க அவருக்கு உரிமையும் உண்டு, ஏனென்றால் அவை வீட்டோடு சேர்ந்தவை. பிதுங்கி வழியும் அலமாரியைப் பார்த்தவுடன் இந்த வீட்டில் சாமான் வைக்க இடம் போதாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார், அலமாரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும். எனவே ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். தரையில் எதுவும் குவியாமல் அலமாரியின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியட்டும். சமையல் மேடைமேல் தினசரி பயன்படுத்தும் ஓரிரு பொருள்களுக்குமேல் வேண்டாம். அறைக்கலன்களைப் பொறுத்தவரை, மனிதர் நடக்கும் வழிகள் முக்கால் மீட்டருக்குக் குறையாமலும், முடிந்தால் 90 சென்டிமீட்டர் அளவிலும் இருக்க வேண்டும். உடலைத் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டிய இடம் ஒன்று இருந்தாலும் அங்கே ஒரு நாற்காலியோ மேசையோ அதிகம் என்று பொருள். ஜன்னலை மறைக்கும் உயரமான பொருள், கதவு முழுதாகத் திறக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஆகிய இரண்டும் முதலில் வெளியேற வேண்டும். எடுத்தவற்றை எல்லாம் ஓர் அறையில் அடைத்து அதன் கதவைச் சாத்திவைப்பதில் பயனில்லை. அந்த அறையையும் வருபவர் பார்ப்பார். உறவினர் வீட்டிலோ, வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்திலோ சில மாதம் வைப்பதற்கு ஆகும் செலவு, இந்த முயற்சியில் நியாயமாகச் செய்யக்கூடிய செலவுகளில் ஒன்று.

குடும்பப் படங்கள், விருதுக் கேடயங்கள், சமய, அரசியல் அடையாளங்கள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரையை எங்கும் கேட்பீர்கள். பெரும்பாலும் அது சரியே. வருகிறவர் தன் வாழ்க்கையை அந்த அறைக்குள் கற்பனை செய்து பார்க்க வேண்டிய நேரத்தில், உங்கள் குடும்பத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆனால் இதை எல்லைமீறிச் செய்து, யாரும் வாழாத விடுதி அறைபோல் ஆக்கிவிடுகிற வீடுகளையும் பார்க்கிறோம். நல்ல நூல்கள் அடுக்கிய ஒரு தட்டு, ஒரு செடி, சுவரில் ஓர் ஓவியம் ஆகியவை இருப்பதில் தவறில்லை. பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் தெரியும் படங்களை எடுப்பது பாதுகாப்புக்காகவும் அவசியம், ஏனென்றால் விளம்பரப் படங்கள் யார் கண்ணில் படும் என்பது உங்கள் கையில் இல்லை.

இடம் வெறுமையானதும் இதுவரை மறைந்திருந்த குறைகள் தெரியத் தொடங்கும். பணம் செலவழிக்க வேண்டிய கட்டம் இதுதான். சொட்டும் குழாய், கிரீச்சிடும் கீல், ஆடும் கைப்பிடி, எரியாத விளக்கு, விரிசல் விட்ட சுவிட்சுப் பலகை, உடைந்த டைல்ஸ் என்று தனித்தனியே பார்த்தால் எல்லாம் அற்பமானவை. ஆனால் வாங்குகிறவர் அவற்றைத் தனித்தனியே பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் குழாயையே சரிசெய்யாதவர்கள் சுவருக்குள் ஓடும் குழாயை என்ன நிலையில் வைத்திருப்பார்களோ என்றுதான் யோசிப்பார். முன்வாசல் கதவுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். தரகர் சாவியைப் போட்டுத் திருப்பும் அந்த நேரம் முழுவதும் வந்தவர் சும்மா நின்று பூட்டையும், கதவின் பெயிண்டையும், அழைப்பு மணியையும், வாசல்படி மூலையில் உள்ள ஒட்டடையையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். சிக்கிக்கொள்ளும் பூட்டை மாற்ற ஆகும் செலவு வரவேற்பறைக்கு வாங்கும் எந்த அலங்காரப் பொருளின் விலையைவிடவும் கூடுதலாகப் பலன் தரும்.

ஈரம் கசிந்த கறை சுவரிலோ கூரையிலோ இருந்தால், அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்திய பிறகு, சுவர் முழுதாகக் காய்ந்தபின் பூசினால்தான் நிற்கும். இல்லாவிட்டால் கறை சில வாரங்களில் மீண்டும் எழும், பெரும்பாலும் இரண்டாம் முறை பார்க்க வரும் நாளுக்குச் சரியாக. வீட்டின் தெரிந்த குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், தெரிந்தே மறைத்த குறை விற்பனைக்குப் பிறகு வழக்காக வரக்கூடும். அலமாரியைச் சுவர்க்கறைக்கு முன்னால் நகர்த்தி வைப்பதையும், விரிசலின்மேல் ஓவியம் மாட்டுவதையும் வீட்டை அழகாகக் காட்டும் வேலையில் சேர்க்க முடியாது. சீர்செய்ய வசதி இல்லாத குறையை வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ப விலையைப் பேசுவதே பாதுகாப்பானது.

நாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர்களால் தாமாகக் கண்டுபிடிக்க முடியாத குறை இது ஒன்றுதான். தொடர்ந்து ஒரே மணத்தை முகர்ந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதை உணர்வதை நிறுத்திவிடும். வளர்ப்புப் பிராணியின் வாடை, புகையிலை நெடி, பழைய எண்ணெய்ப் பிசுக்கின் வாசனை, பூஞ்சணத்தின் புழுங்கல் நாற்றம் ஆகியவை வெளியாளுக்கு வாசலிலேயே தெரியும், உங்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசனைத் தெளிப்பானும் நறுமண மெழுகுவத்தியும் தீர்வாகாது. பலத்த மணம் வந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அனுபவமுள்ளவர்கள் எண்ணுவார்கள். துணியால் ஆன திரை, மெத்தை உறை, தரைவிரிப்பு ஆகியவையே வாடையைப் பிடித்துவைத்திருக்கும், ஆதலால் அவற்றைத் துவைப்பதோ அகற்றுவதோ முதல் வேலை. விருந்தினர் குளியலறையைப் போல அதிகம் பயன்படுத்தாத இடத்தில் சாக்கடை வாடை வந்தால், பெரும்பாலும் வடிகால் வளைவில் தேங்கி நிற்க வேண்டிய நீர் ஆவியாகியிருக்கும். அந்த நீர்தான் கழிவுக் குழாயின் வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ஒரு குவளை நீரை ஊற்றினால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும், வாரம் ஒரு முறை ஊற்றினால் திரும்ப வராது. பூஞ்சணம் ஈரப்பதத்தால் வருவது. அறையின் ஒப்பு ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழ் வைத்திருக்க, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதும், வெளியேற்றும் மின்விசிறியை ஓடவிடுவதும், தேவைப்பட்டால் ஈரம் உறிஞ்சும் கருவி வைப்பதும் உதவும்.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். குளோரின் சேர்ந்த பிளீச்சிங் திரவத்தை அமிலத்தன்மை உள்ள கழிப்பறைத் திரவத்தோடோ, வினிகரோடோ, அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். மூடிய குளியலறையில் அதிலிருந்து எழும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்தானது. வினிகர் உப்புப் படிவத்தைக் கரைக்கும் என்று கேட்டு அதைப் பளிங்குத் தரையிலும் மேடையிலும் ஊற்றாதீர்கள். உப்புப் படிவமும் பளிங்கும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட் என்பதால் கல்லின் மெருகும் சேர்ந்து போய்விடும். மற்றபடி, டைல்ஸ் இடுக்குகளைத் தேய்த்து வெளுக்கச் செய்து, தொட்டியோரம் கறுத்துப்போன சிலிகானை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசினாலே பழைய குளியலறைக்குப் பாதி வயது குறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடிகளை உள்ளும் புறமும் துடைப்பதைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெளிச்சமும் நிறமும். சுவரெல்லாம் பளிச்சென்ற வெள்ளை அடிப்பது கட்டாயமில்லை. இளஞ்சாம்பல், வெண்பழுப்பு, தந்த நிறம் போன்ற மென்மையான நிறங்கள் ஒளியை நன்றாகத் திருப்பிவிடும், வருகிறவரின் அறைக்கலன்களோடும் ஒத்துப்போகும். நிறத்தைச் சிறிய அட்டையில் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு சுவர்களில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பூசிக் காலையிலும் மாலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்த பிறகு தேர்ந்தெடுங்கள். எல்லாச் சுவர்களையும் அடிக்க வசதி இல்லையென்றால், மிகக் கடும் நிறமுள்ள அறையையும் வாசலுக்கு எதிரே தெரியும் சுவரையும் மட்டும் அடிக்கலாம். பெயிண்ட் வாடை போவதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். விளக்குகளில் நேரும் பொதுவான தவறு, ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சளாகவும் மற்றொன்று நீலம் கலந்த வெள்ளையாகவும் எரிவது. கண்ணுக்கு அது பழகிவிடும், புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும். வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின்வரை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு இது; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) உள்ள எல்இடி பல்புகளையே வாங்குங்கள்; சமையலறைக்கும் குளியலறைக்கும் 4000 கெல்வின்வரை போகலாம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் எண் (CRI) பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அது 90-க்கு மேல் இருந்தால் மரமும் துணியும் உயிரோடு தெரியும்.

அறைகளை அமைக்கும்போது எல்லாவற்றுக்கும் சமமான உழைப்பைக் கொடுக்கத் தேவையில்லை. வரவேற்பறை, முதன்மைப் படுக்கையறை, சமையலறை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மற்றவை சுத்தமாகவும் காலியாகவும் இருந்தாலே போதும். வரவேற்பறையில் எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்தால் இடம் அதிகமாகத் தெரியும் என்று நினைக்கிறோம்; பல அறைகளில் அதற்கு மாறாகத்தான் நடக்கிறது. சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து, நாற்காலிகளை அதை நோக்கித் திருப்பி, சோபாவுக்கும் சிறுமேசைக்கும் இடையே 40 முதல் 45 சென்டிமீட்டர் விட்டால், நான்கு பேர் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் என்பது பார்த்தவுடன் விளங்கும். தரைவிரிப்பு போடுவதானால் சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும் அளவு பெரியதாக இருக்கட்டும். அறை நடுவே சிறு துண்டாகக் கிடக்கும் விரிப்பு அறையைச் சுருக்கிக் காட்டும், அதைவிட வெறும் தரை மேல். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேலேயும், இரு பக்கமும் சட்டத்தைத் தாண்டியும் மாட்டினால் ஜன்னல் பெரியதாகத் தெரிவதோடு, திரையை விலக்கும்போது கண்ணாடி முழுவதும் ஒளிக்குத் திறக்கும். ஓவியங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அவை மிக உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன.

ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு பயன் தெளிவாகத் தெரிய வேண்டும். பாதி அலுவலகமும் பாதி உடற்பயிற்சிக் கூடமும் மீதி துணி இஸ்திரி போடும் இடமுமாக இருக்கும் மூன்றாம் படுக்கையறையை வருகிறவர் படுக்கையறையாக எண்ணமாட்டார். இரண்டு படுக்கையறை வீடு என்றே நினைவில் வைத்துக்கொள்வார். அங்கே ஒரு கட்டிலையும் ஒரு விளக்கையும் மட்டும் வைத்துவிடுங்கள். ஆனால் அறையைப் பெரிதாகக் காட்டுவதற்காக வழக்கத்தைவிடச் சிறிய கட்டிலைக் கொண்டுவந்து போடும் தந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவுநாடாவோடு வருகிறவர்கள் உண்டு. ஓரிடத்தில் ஏமாற்றினார்கள் என்று தோன்றிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

வாடகைக்கு அறைக்கலன் எடுப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. உங்களிடம் இருப்பதைக் குறைத்து, இடம் மாற்றி, உறையைத் துவைத்துப் போட்டால் போதும். முழுக்கக் காலியாக உள்ள வீட்டுக்கு மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. காலி அறையில் கட்டிலும் அலமாரியும் சேர்ந்து அடங்குமா என்பதைப் பலரால் கண்ணால் மதிப்பிட முடியாது. பார்க்க வேறொன்றும் இல்லாததால் சுவரின் ஒவ்வொரு கீறலும் கண்ணில் படும். அங்கும் மேலே சொன்ன மூன்று இடங்களுக்கு மட்டும் எடுத்தால் செலவு அடங்கும். கணினி மூலம் காலி அறைப் படத்தில் சோபாவும் கட்டிலும் சேர்த்துக் காட்டும் வசதி மிக மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால், படத்தின் மேலேயே அது கணினியில் சேர்க்கப்பட்டது என்று எழுதி, உண்மையான காலி அறையின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். சுவரின் விரிசலை அழிப்பது, ஜன்னலுக்கு வெளியே உள்ள மின்கம்பத்தை நீக்குவது போன்ற திருத்தங்கள் செய்தால் அது பொய் விளம்பரம்.

படங்களை நல்ல ஒளிப்படக்காரரிடம் கொடுப்பதை நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் பெரும்பாலோர் உங்கள் வீட்டைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நீங்களே எடுப்பதானால், பகலில் எல்லாத் திரைகளையும் விலக்கி, கேமராவைத் தரையிலிருந்து ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரத்தில் முக்காலிமேல் வைத்து, சுவர்களின் செங்குத்துக் கோடுகள் சாயாதபடி நேராக எடுங்கள். கைப்பேசியின் மிக அகன்ற லென்ஸ் அறையை இரு மடங்காக்கிக் காட்டும். அதை நம்பி வருகிறவர் வாசலிலேயே ஏமாற்றமடைவார்.

குடியிருந்துகொண்டே விற்பதில் உண்மையான சிரமம் இதற்குப் பிறகுதான் தொடங்கும், ஏனென்றால் இந்த ஒழுங்கை வாரக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூடியுள்ள ஒரு கூடை ஒதுக்கி, அன்றாடம் வெளியே கிடக்கும் பொருள்கள் அதற்குள் போகட்டும். பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்தால், கூடைகளை வண்டியில் ஏற்றி, படுக்கைகளை இழுத்துவிட்டு, குப்பையைக் கொட்டி, கழிப்பறை மூடியைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விடலாம். பழகிவிட்டால் இது கால் மணி நேர வேலை. வளர்ப்புப் பிராணிகளையும் உடன் அழைத்துப் போங்கள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து விளக்கிக்கொண்டிருந்தால், வருகிறவர் அலமாரியைத் திறக்கவும் தம் துணையோடு குறைகளைப் பேசவும் கூச்சப்படுவார், விரைவில் கிளம்பிவிடுவார். குழந்தைகளை இந்த நாட்களில் எந்நேரமும் அதட்டிக்கொண்டிருப்பதைவிட, அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் பெரும்பகுதியைப் பெட்டியில் கட்டிவிட்டுச் சிலவற்றை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது எல்லோருக்கும் நிம்மதி.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் நடமாடப் போகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். நகை, கடவுச்சீட்டு, வங்கி அட்டை, மாற்றுச் சாவிகள், மருந்துகள், மடிக்கணினி ஆகியவை வீட்டிலேயே இருக்கக் கூடாது அல்லது பூட்டில் இருக்க வேண்டும். சுவரில் எழுதிய வைஃபை கடவுச்சொல்லையும், வெளியூர்ப் பயணத் தேதி குறித்த நாட்காட்டியையும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் கேமராவோ ஒலிப்பதிவுக் கருவியோ இருந்தால் வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒப்புதலின்றிப் பேச்சைப் பதிவுசெய்வது பல இடங்களில் குற்றம். நீங்கள் கொண்டுபோக நினைக்கும் தொங்குவிளக்கு, சுவர்க்கண்ணாடி, சிறப்பான திரைச்சீலை எதுவானாலும், முதல் ஆள் பார்க்க வருமுன்பே கழற்றிவிட்டு அங்கே சாதாரணமானதை மாட்டுங்கள். பார்த்தவர் அதையும் சேர்த்தே விரும்பிவிடுவார். பெரிய விலை பேசி முடிந்த பிறகு ஒரு விளக்குக்காகப் பேரம் முறிவதுண்டு.

செலவைப் பொறுத்தவரை, விற்பனைக்கென்று சமையலறையையோ குளியலறையையோ முழுதாக இடித்துக் கட்டாதீர்கள். உங்கள் விருப்பப்படி நீங்கள் தேர்ந்தெடுத்த மேடைக்கல்லை வாங்குகிறவர் மாற்றத்தான் நினைக்கலாம். போட்ட பணம் முழுதாகத் திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. அலமாரிக் கதவுகளுக்குப் பெயிண்ட், புதுக் கைப்பிடிகள், புதுக் குழாய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நீர்க்கசிவு, மின்கம்பி, கூரை ஆகியவற்றுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், ஏனென்றால் வாங்குபவரின் ஆய்வாளர் அவற்றைத்தான் முதலில் பார்ப்பார், கண்டுபிடித்தால் சீர்செய்யும் செலவைவிடக் கூடுதலாகவே விலையில் குறைக்கச் சொல்வார்.

விலை பேசி முடித்த பிறகு, வீட்டோடு விடுபவை எவை, உடன் எடுத்துப் போகிறவை எவை என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். சேமிப்பிடத்தில் வைத்த பொருள்களை அவசரப்பட்டுத் திரும்பக் கொண்டுவராதீர்கள். ஒப்படைப்பதற்கு முன் வாங்கியவர் இன்னொரு முறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம், அப்போது அவர் பார்த்த வீடும் வாங்கிய வீடும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்னணுப் பூட்டு, கேமரா, இணையத்தோடு இணைந்த விளக்குகள் ஆகியவற்றை விட்டுச் செல்வதானால் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சுவருக்கு அடித்த பெயிண்டின் பெயரையும் எண்ணையும், மிச்சமிருக்கும் சில டைல்ஸ்களையும், சாதனங்களின் கையேடுகளையும் சமையலறை இழுப்பறை ஒன்றில் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.